நாலு மணிக்குப் பலிக்கும் ஆரூடம்

அத்தியாயம் ஆறு

நாலு மணிக்கு ஒரு பெண்ணின் பெயரை அடித்துவிடப் போகிறார்கள். நானும் அண்ணியும் மூச்சு வாங்க அகராதி அலுவலகத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறி முடித்தபோது மணி ஒன்று நாற்பது.

அடிக்கப் போவது சிவப்புப் பேனாவால்தான். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் கத்தியால் என்றே தோன்றும். அவள் அங்கே துணையாசிரியை. ஆறு வருடமாக 'ஆ' என்ற ஒரே எழுத்தோடு குடித்தனம் நடத்தியவள். அந்த 'ஆ' தொகுதி இன்று அச்சுக்குப் போகிறது. முகப்புப் பக்கத்தில் பதிப்பாசிரியரின் பெயருக்குக் கீழே அவள் பெயரும் இருந்தது. நேற்றுச் சாயங்காலம் பதிப்பாசிரியர் அந்தப் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அச்சகக்காரர் நாலு மணிக்கு வரும்போது அடித்துக் கொடுத்துவிடுவேன், அத்தோடு நீயும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். தனக்கு மொட்டைச் சீட்டு அனுப்பி மிரட்டுவது இவள்தான் என்பது அவர் கட்சி.

"வேலை போனா வேற வேலை தேடிக்குவேன் மேடம்," என்று காலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னாள். "பேரை அடிச்சுட்டா அந்த ஆறு வருஷத்தை நான் எங்க போய்த் தேடறது?"

அந்த ஒரு கேள்விக்காகவே அண்ணி வழக்கை எடுத்துக்கொண்டாள்.

நாத்தனார் என்று ஒருத்தி இருந்தால் அண்ணியைத் துப்பறிவதுதான் உலக வழக்கம். அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில் நானும் மூன்று மாதம் முயன்று பார்த்தேன். நான் எந்த டப்பாவைத் திறந்தேன், எந்தக் கடிதத்தைப் படித்தேன் என்று அண்ணி எனக்கே வரிசையாகச் சொன்னாள். அன்றைக்கே கூட்டு சேர்ந்துவிட்டேன். ஸ்கூட்டர் ஓட்டுவதும், அண்ணி யோசிக்கும் நேரத்தில் எதிராளியிடம் வாய் கொடுத்துக்கொண்டிருப்பதும் என் இலாகா.

பதிப்பாசிரியருக்கு அலுவலகத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: தலைச்சொல். அகராதியில் எந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்கிறார்களோ அதுதான் தலைச்சொல். அது தடித்த எழுத்தில் தனியாக நிற்கும். மற்றதெல்லாம் அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒடுங்கிக் கிடக்கும். ஆளை நேரில் பார்த்ததும், பெயர் வைத்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது.

அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. நான்கு சீட்டுகளை மேசைமேல் சீட்டுக்கட்டுபோல விரித்தார். மூன்று வாரத்தில் ஒவ்வொன்றாகத் தபாலில் வந்தவை. ஒவ்வொன்றிலும் கணினியில் அடித்த ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே தலைச்சொல்: ஆரூடம். அதற்குக் கீழே ஒரு மேற்கோள்.

முதல் சீட்டில், '... ஓர் எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. க. 9.'

இரண்டாவதில், '... வாயடைத்துத்தான் நிற்க வேண்டும். க. 17.'

மூன்றாவதில், '... எந்தக் கதவும் திறக்காது. க. 23.'

நேற்று வந்த நான்காவதில், '... நூலில் என் பெயரும் இருக்காது. க. 31.'

முதல் மூன்றும் பலித்துவிட்டன. முதல் சீட்டு வந்த மறுநாள், அகராதியை நடத்தும் அறக்கட்டளையின் கூட்டத்தில் அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து போட்டுக்கொண்டார். எதிரே இருந்த காகிதம் வெள்ளையாக மங்கியது. கூட்டுக்குள் இருந்தது அவருடைய பத்து வருடத்துப் பழைய கண்ணாடி. அதே பிரேம், வேறு பவர். இரண்டாவது வாரம் கல்லூரி ஒன்றில் பேசப் போனார். மேடையில், உரை வைத்திருந்த உறையைப் பிரித்தால் பன்னிரண்டு பக்கமும் வெற்றுத்தாள். மூன்றாவது வாரம் சாவிக்கொத்தில் இருந்த ஏழு சாவியும் எந்தப் பூட்டுக்கும் சேரவில்லை. தன் அறைக்கு வெளியே பெஞ்சில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்க, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன். அண்ணி என் காலை மிதித்தாள்.

"நாலாவது மட்டும் பாக்கி," என்றார் பதிப்பாசிரியர். "அதுல 'என் பெயரும் இருக்காது'ன்னு அவளே எழுதிட்டா. சரி, அந்த ஆரூடத்தை நானே பலிக்க வெக்கிறேன்."

பழிக்குப் பழி என்பதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏன் அவள்மேல் சந்தேகம் என்று அண்ணி கேட்டாள். காரணம் அந்தச் சொல்தான். ஒரு மாதம் முன்பு ஆரூடம் என்ற சொல்லுக்குப் பொருள் எழுதும்போது, அலுவலகத்தில் எட்டுப் பேர் முன்னிலையில் துணையாசிரியை அவரை எதிர்த்துப் பேசியிருக்கிறாள். முன்கூட்டிச் சொல்லுதல் என்ற பொருளை முதலில் போட்டார் அவர். எல்லாருக்கும் தெரிந்தது அதுதானே, பேப்பரில் தினமும் யார் ஜெயிப்பார் என்று ஆரூடம் சொல்கிறார்களே என்பது அவர் வாதம்.

அண்ணி துணையாசிரியையின் பக்கம் திரும்பினாள். அதுவரை சுவரோரமாக நின்றிருந்தவள், சொல்லைப் பற்றிக் கேட்டதும் ஆளே மாறிப்போனாள்.

"வடமொழியிலேர்ந்து வந்த சொல் மேடம். ஆரூடம்னா ஏறினது, ஏறி உக்காந்தது. குதிரைமேல ஏறினவரை அசுவாரூடர்னு சொல்றாங்களே, அந்த ஆரூடம்தான் இது. அப்புறம் சோதிடக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. ஒருத்தர் வந்து கேள்வி கேக்கறப்போ எந்தத் திசையில இருக்காரோ, அதை வெச்சு ஒரு ராசியைப் பிடிப்பாங்க. அது ஆரூட ராசி. அதுலேர்ந்து பலன் சொல்லுவாங்க. வெறுமனே முன்கூட்டிச் சொல்றதுங்கற பொருள் கடைசியா வந்தது. அதைக் கொண்டுபோய் முதல்ல வெச்சா, பேரனைத் தாத்தாவாக்கின மாதிரி ஆயிடும். ஏறினதுங்கற பொருளுக்குச் சான்றோட ஒரு சீட்டு இருக்கு, தள்ளக் கூடாதுன்னு சொன்னேன்."

"அதோட நிறுத்தினாளா?" என்றார் பதிப்பாசிரியர். "ஏறி உக்காந்தவங்க கொஞ்சம் இறங்கித்தான் பாக்கணும் சார்னு சொன்னா. எட்டுப் பேரும் சிரிச்சாங்க. எனக்கு இதுக்குமேல சான்று வேண்டாம்."

"சான்று இல்லாம நீங்க ஒரு சொல்லைக்கூட ஏத்தமாட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றாள் அண்ணி.

அவர் நான்கு சீட்டுகளையும் சேர்த்து அண்ணி பக்கம் தள்ளினார். நாலு மணி வரை எங்கே வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம் என்பதுபோல் கையை வீசினார்.

சீட்டு அறை, மாடியின் பின்பக்கம் முழுவதையும் அடைத்திருந்தது. தரையிலிருந்து கூரை வரை இரும்பு அலமாரிகள், அவற்றில் நூற்றுக்கணக்கான இழுப்பறைகள். ஒவ்வொரு இழுப்பறையிலும் உள்ளங்கை அகலச் சீட்டுகள் நெருக்கமாக நின்றன. ஒரு சீட்டுக்கு ஒரு சொல், அது வரும் ஒரு வாக்கியம், அந்த வாக்கியம் எந்த நூலில் எத்தனையாவது பக்கம் என்ற சான்று. இதைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர், முப்பது வருட சர்வீஸ். இழுப்பறைக்காரர் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். எழுதும் வேலை அவருக்குக் கிடையாது. எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வைப்பதும்தான். அவர் எங்களுக்கு இந்த அலுவலகத்தின் ஒரே சட்டத்தைச் சொன்னார். சான்று இல்லாத சீட்டு குப்பைக்குப் போகும். சான்று உள்ள சீட்டைப் பதிப்பாசிரியரே நினைத்தாலும் தள்ள முடியாது. அந்தச் சட்டத்தைப் போட்டதே பதிப்பாசிரியர்தான்.

அண்ணி நான்கு மொட்டைச் சீட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

"அண்ணி, மிரட்டல் கடிதத்துக்குப் பக்க எண் போடற முதல் ஆளை இன்னிக்குத்தான் பாக்கிறேன். அடுத்த தடவை பொருளடக்கமும் வெப்பாங்க போல."

"அதான் விஷயம்," என்றாள் அண்ணி. "வேண்டாம்னாலும் கை நிக்கல. சான்று போடாம இவங்களால ஒரு வாக்கியம் எழுத முடியாது. முன்னாடி மூணு புள்ளி இருக்கு பாரு. வாக்கியத்தோட முன்பாதியை வெட்டிட்டு எழுதறப்போ இங்க அப்படித்தான் புள்ளி வெப்பாங்களாம். அப்ப இது கற்பனை இல்ல. எங்கேயோ முழு வாக்கியம் இருக்கு."

க. என்றால் எந்த நூல் என்று இழுப்பறைக்காரரிடம் கேட்டோம். அவர் உதட்டைப் பிதுக்கினார். ககரத்தில் தொடங்கும் நூல் இருநூறுக்கு மேல் உண்டு, அதனால் வெறும் க. என்று யாரும் போடக் கூடாது என்பது இங்கே முதல் நாள் பாடம். போட்டால் சீட்டு திரும்பி வரும்.

"ஒரே எழுத்து போதும்னு நினைக்கிறவங்ககிட்ட அந்த மாதிரி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும்," என்று அண்ணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிறகு அவள் செய்தது எனக்கு விளங்கவில்லை. கைக்கு வந்த இழுப்பறைகளைத் திறந்து சீட்டுகளின் அடிப்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். எழுத்தைப் பார்க்கவே இல்லை. பதினைந்து நிமிடம். நான் இழுப்பறைக்காரரிடம் அவருக்கு எத்தனை பிள்ளைகள், அவர்கள் என்ன படிக்கிறார்கள் என்பது வரைக்கும் விசாரித்து முடித்துவிட்டேன்.

"சில சீட்டுல மட்டும் கீழ ரெண்டு விரல் அகலம் எதுவும் எழுதாம விட்டிருக்காங்களே, ஏன்?" என்று அண்ணி நிமிர்ந்து கேட்டாள்.

அவர் சிரித்தார். பழைய மர அலமாரி இருந்த காலத்தில் ஒவ்வொரு இழுப்பறைக்கும் நடுவே நீளமாக ஒரு கம்பி ஓடுமாம். சீட்டின் அடியில் துளை போட்டுக் கம்பியில் கோத்துவிடுவார்கள், கலைந்து போகாமல் இருக்க. துளை விழும் இடத்தில் எழுத்து இருந்தால் போச்சு. அதனால் அடியில் இரண்டு விரல் காலியாக விட்டு எழுதுவது பழக்கம். பதினோரு வருடத்துக்கு முன்னால் இரும்பு அலமாரி வந்தது, கம்பி போயிற்று. அதற்குப் பிறகு வந்தவர்கள் பஸ்ஸில் கடைசிப் படி வரைக்கும் தொற்றிக்கொள்வதுபோல ஓரம் வரை எழுதி நிரப்புவார்கள்.

நான் மொட்டைச் சீட்டுகளைப் பார்த்தேன். ஒட்டிய துண்டுக் காகிதம் நான்கிலும் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. அடியில் இரண்டு விரல் அகலம் காலி.

அண்ணி துணையாசிரியையை உள்ளே கூப்பிட்டாள். கம்பி எங்கே ஓடும் என்று ஒரே ஒரு கேள்வி.

"எந்தக் கம்பி?" என்றாள் அவள்.

அந்தச் சமயத்தில் பதிப்பாசிரியரும் கதவருகே வந்து நின்றிருந்தார். அண்ணி அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினாள். இவள் எழுதிய சீட்டுகள் ஒரு இழுப்பறை நிறைய இருந்தன. எல்லாம் ஓரம் வரை நிரம்பியவை. அவர் நான்கைப் புரட்டிப் பார்த்தார். பழைய கை என்று காட்டுவதற்காக வேண்டுமென்றே இடம் விட்டிருக்கலாம் அல்லவா என்றார்.

"தெரிஞ்சதைத்தான் சார் பொய்யாச் செய்ய முடியும். கம்பி இருந்ததே இவங்களுக்குத் தெரியாது."

"அப்ப யாரு? பழைய ஆளுங்கன்னா நானும் இந்த இழுப்பறைக்காரரும்தான். மத்தவங்க எல்லாம் போயாச்சு. வேற ஆளைக் காட்டுங்க, வட்டத்தை அழிக்கிறேன். இல்லேன்னா நாலு மணிக்கு அடிக்கிறேன்." திரும்பிப் போய்விட்டார்.

நான் இழுப்பறைக்காரரை ஓரக்கண்ணால் பார்த்தேன். பாவம், அவர் அந்தப் பார்வையிலேயே இரண்டு அடி பின்வாங்கினார். அண்ணி அவரைச் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. 'ஆ' இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை உருவி அவரிடம் நீட்டினாள். நல்ல வடிவான கையெழுத்து, அடியில் இரண்டு விரல் காலி. மூலையில் சீட்டு எழுதியவர் தம் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். இதில் எழுத்துக்குப் பதிலாகப் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

"இதே மாதிரி புள்ளி வெச்சது ஆயிரக்கணக்குல இருக்கு. இது யாரு?"

"அதுவாம்மா? வீட்டுச் சீட்டுன்னு சொல்லுவோம். பதினோராயிரம் சீட்டு. சார் வீட்லேர்ந்து வாராவாரம் ஒரு பை நிறைய வரும். ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க மட்டும்தான் எழுத்துப் போடணும்னு சார் சொல்லிட்டாரு. அதான் புள்ளி."

"வீட்ல யார் எழுதினாங்க?"

"வீட்லதாம்மா."

வீடே உட்கார்ந்து எழுதியதுபோலச் சொன்னார். அண்ணி அந்தச் சீட்டைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு பதிப்பாசிரியரின் அறைக்குப் போய், சம்பந்தமே இல்லாததுபோல் ஒன்று கேட்டாள். ஆரூடம் பலித்த அந்த மூன்று நாளும் காலையில் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்?

அவர் எரிச்சலோடு சொன்னார். எங்கே உட்காருவார், வீட்டில் சாப்பாட்டு மேசையில். டிபன், பேப்பர், பிறகு பை தயாராக இருக்கும், எடுத்துக்கொண்டு கிளம்புவார். கண்ணாடிக் கூடு, உரை, சாவி எல்லாம் பையில்தான் இருக்கும். பையை அவர் கட்டுவதில்லை.

படியிறங்கும்போது அண்ணி சொன்னாள், "ஆரூடம் பாக்கறவங்க வழியிலேயே போயிடலாம்னு தோணிச்சு. கேக்கறவர் எங்க உக்காந்திருக்கார்னு பாத்தா போதும்."

மணி இரண்டு ஐம்பது.

பதிப்பாசிரியரின் வீடு பத்து நிமிட தூரம். கதவைத் திறந்த அம்மாவுக்கு, அவர் மனைவிதான், அறுபது வயது இருக்கும். முன்னால் போட்டிருந்த மேசையில் 'ஆ' தொகுதியின் அச்சுப்படிகள் அடுக்கியிருந்தன. அவர் விரலில் சிவப்பு மை. நாங்கள் யார் என்று அண்ணி சொன்னதும், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு பேனாவை மூடினார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு கண்டுபிடிக்க?"

"ஒரு மணி நேரம்," என்றாள் அண்ணி.

"அவருக்கு மூணு வாரமாத் தெரியல."

மறுக்கவே இல்லை. எழுந்துபோய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே கடிதங்கள். கல்யாணத்துக்கு முன்னால், இரண்டு வருடம் வெளியூரில் இருந்தபோது, பதிப்பாசிரியர் அவருக்கு எழுதியவை. ஒவ்வொன்றின் மூலையிலும் வரிசை எண். க. என்றால் கடிதம். உலகத்தில் அவருக்கு வந்த கடிதமெல்லாம் அந்த ஒரு பெட்டிதான்.

"நானா ஒரு வாக்கியம்கூட எழுதல. எல்லாம் அவர் எழுதினது."

ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக் காட்டினார், குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல். நீ பக்கத்தில் இல்லாவிட்டால் ஓர் எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. உன் யோசனை இல்லாமல் சபையில் நான் வாயடைத்துத்தான் நிற்க வேண்டும். நீ என்னை விட்டுப் போனால் எனக்கு எந்தக் கதவும் திறக்காது. முப்பத்தோராவது கடிதம் மட்டும் மடிப்பில் கிழிந்திருந்தது. உன் பெயர் இல்லாத நூலில் என் பெயரும் இருக்காது.

நான்கு வருடத்துக்கு முன்னால் 'அ' தொகுதி வந்தபோது, முன்னுரையில் நாற்பத்து மூன்று பேருக்கு அவர் நன்றி சொல்லியிருந்தார். தட்டச்சு இயந்திரம் பழுது பார்த்தவர் இருபத்தாறாவது. அந்த அம்மா பட்டியலை இரண்டு முறை படித்தாராம், ஒருவேளை பக்கம் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று.

"எதிர்காலத்தைப் பத்தி அவர் எனக்குச் சொன்ன ஆரூடம் இதெல்லாம். நான் பலிக்க வெச்சேன், அவ்வளவுதான். முதல் சீட்டைப் பாத்ததும் தான் எழுதின வரின்னு அவருக்குத் தெரியும், என் முகத்தை நிமிர்ந்து பாப்பாருன்னு நினைச்சேன். பாத்திருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். அவர் கண்ணாடி எங்கன்னு கேட்டார்."

வாய்க்கு வந்த ஒரு நையாண்டியை நான் விழுங்கிவிட்டேன். அது எனக்கு அபூர்வம்.

நான்காவதற்கு என்ன ஏற்பாடு என்று அண்ணி கேட்டாள். நாளைக்கு முப்பத்தோராவது கடிதத்தை அறக்கட்டளைக்கு அனுப்புவதாக இருந்தாராம், ஊரறிய. அதற்குள் நாலாவது சீட்டு இன்னொருத்தியின் தலையில் விழுந்துவிட்டது என்று அண்ணி சொன்னாள். முகப்புப் பக்கத்து வட்டம், நாலு மணி, சிவப்புப் பேனா எல்லாவற்றையும்.

அந்த அம்மா முப்பத்தோராவது கடிதத்தை மேசைமேல் வைத்தார். "எந்தப் பொண்ணு?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அவளுக்கு ஆறு வருஷம். எனக்கு முப்பது. நாளைக்குக் கடிதம் போனதும் தானா சரியாயிடும். இப்ப வந்து சொன்னா அவர் என் காலைப் பிடிச்சு வீட்டுக்குள்ளேயே முடிச்சிடுவார். நான் அதுக்காக இத்தனை நாள் காத்திருக்கல."

"நாலு மணிக்கு அச்சுக்குப் போயிடும்மா. நாளைக்கு எதுவும் சரியாகாது."

"அது அவர் செய்யற பாவம்."

பழி என்று ஒன்றை ருசி கண்டவர்களுக்கு மற்றவர் வலி காதில் விழுவதில்லை. ஆனால் அண்ணி வாதாடவில்லை. கைப்பையிலிருந்து அந்தப் புள்ளி வைத்த சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அந்த அம்மா தன் எழுத்தையே பார்த்தார். தலைச்சொல், ஆரூடம். பொருள், ஏறியது. கீழே ஒரு பழைய நூலின் வரி, பக்க எண். அடியில் இரண்டு விரல் காலி.

"ஆரூடத்துக்கு ஏறினதுங்கறதுதான் முதல் பொருள்னு அந்தப் பொண்ணு உங்க வீட்டுக்காரரோட சண்டை போட்டா. அவர் ஒத்துக்கல. அவ கையில இருந்தது இந்த ஒரே சீட்டு. இது யார் எழுதினதுன்னு அவளுக்குத் தெரியாது. சான்று இருக்கு, தள்ளக் கூடாதுன்னு எட்டுப் பேர் முன்னாடி நின்னா. அதனாலதான் அவர் கண்ணுல விழுந்தா. அதனாலதான் இப்ப பேர் போகுது."

அந்த அம்மா சீட்டின் மூலையிலிருந்த பென்சில் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்தார். முப்பத்தோராவது கடிதத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"செருப்புப் போட்டுட்டு வரேன்," என்றார்.

ஸ்கூட்டரில் மூன்று பேர் ஏற முடியாது. அவர் என் பின்னால் உட்கார்ந்தார். அண்ணி டாக்ஸி பிடிக்க நின்றாள். வழியில் ஒரு வேகத்தடையில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருடத்தில் அந்த மூன்று மாடியை அவர் ஏறியது அதுதான் முதல் தடவையாம். இழுப்பறைக்காரர் பிறகு சொன்னார்.

நாங்கள் நுழைந்தபோது மணி மூன்று ஐம்பத்தைந்து. அச்சகக்காரர் வந்திருந்தார். முகப்புப் பக்கம் மேசைமேல் இருந்தது, சிவப்புப் பேனா திறந்திருந்தது. எட்டுப் பேரும் வேலை செய்வதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். துணையாசிரியை தன் மேசையைக் காலி செய்து, எல்லாவற்றையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டிருந்தாள்.

"நீ எங்க இங்க?" என்றார் பதிப்பாசிரியர்.

அவர் மனைவி கடிதத்தை முகப்புப் பக்கத்தின்மேல் விரித்து வைத்தார். பதிப்பாசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். ஒரு முறை. மறுபடி. அவர் முகம் என் கண்ணெதிரே பத்து வயது கூடியது. அப்போது அவர் சொன்னதுதான் அன்றைக்கு அவர் செய்த எல்லாத் தப்பிலும் பெரியது.

"இது நான் எப்ப எழுதினேன்?"

"தேதி மேல இருக்கு," என்றார் அந்த அம்மா. "நாலு சீட்டும் நான் அனுப்பினது. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாரும் கேட்டுக்குங்க."

எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டார்கள். துணையாசிரியை பெட்டியைக் கீழே வைத்தாள். அண்ணி மூச்சிரைக்கக் கதவில் வந்து சாய்ந்தாள்.

பதிப்பாசிரியர் குரலைத் தாழ்த்தி, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார். அந்த அம்மா கடிதத்தின்மேல் விரலை வைத்துக் காட்டினார். பதிப்பாசிரியர் அவசரமாகப் பேனாவை எடுத்தார். சரி, இவள் பெயரை அடிக்கவில்லை, உன் பெயரையும் சேர்த்துவிடுகிறேன், மூன்று பெயராக இருக்கட்டும் என்றார்.

"வாக்கியத்தைச் சரியாப் படிங்க. சேர்க்கறதைப் பத்தி அதுல எதுவும் இல்ல. என் பேர் இல்லாத நூல் ஒண்ணு ஏற்கெனவே வந்தாச்சு. அதுல உங்க பேர் இருந்தது. இப்ப உங்க பேர் இல்லாத நூல் ஒண்ணு வரட்டும்."

"இது என் வாழ்நாள் வேலை."

"தெரியும். பதினோராயிரம் சீட்டு நான்தான் எழுதினேன்."

அவர் உதவிக்கு யாராவது வருவார்களா என்று சுற்றிலும் பார்த்தார். எட்டுப் பேரும் மேசையைப் பார்த்தார்கள். இழுப்பறைக்காரர் மட்டும் முன்னால் வந்து, கடிதத்தை ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, தான் முப்பது வருடமாக ஒவ்வொரு சீட்டுக்கும் சொல்லும் அதே குரலில் சொன்னார்:

"சான்று இருக்கு சார்."

பதிப்பாசிரியர் தன் பெயரைத் தானே அடித்தார். ஒரே கோடு. ஸ்கேல் வைத்து அடித்ததுபோல் நேராக இருந்தது, பழக்கம் போகுமா? பிறகு ஜன்னலோரம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அந்த முதுகைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. அவர் மனைவிக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அச்சகக்காரர் தொண்டையைக் கனைத்தார். அப்ப யார் யார் பெயர், எந்த வரிசையில் என்று கேட்டார்.

அந்த அம்மா பேனாவை எடுத்தார். அடித்த கோட்டுக்கு மேலே, காலியாக இருந்த இடத்தில் முனையை வைத்தார். அப்போது துணையாசிரியை மேசையருகே வந்தாள். அவள் நன்றி சொல்லப் போகிறாள் என்று நான் நினைத்தேன். எல்லாருமே அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

"ஆறு வருஷமா உங்க சீட்டைத்தான்மா படிச்சிட்டிருக்கேன். யாரு எழுதினதுன்னு தெரியாமலே உங்களை அவ்வளவு பிடிக்கும் எனக்கு." அவள் இன்னும் ஓரடி முன்னால் வந்தாள். "நாலாவது சீட்டைத் தபால்ல போடறப்போ, இதனால இங்க வேற யாருக்காவது அடி விழுமான்னு ஒரு நிமிஷம் தோணிச்சா உங்களுக்கு?"

அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. சொல்லவில்லை.

"தோணல," என்றார்.

"அப்ப எனக்குக் கீழ எழுதுங்க."

அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள், நான் வாயைத் திறந்துவிடுவேனோ என்று. எனக்கு அப்படி எண்ணமே இல்லை.

அந்த அம்மா பேனா முனையை மேலிருந்து எடுத்தார். வட்டம் போட்டிருந்த பெயரை அப்படியே விட்டு, அதற்கு ஒரு வரி கீழே, நல்ல வடிவான எழுத்தில், முதலெழுத்தோடு தன் பெயரை முழுசாக எழுதினார்.